நீலக் கோட்டுக்கு அடியில்

ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினி எழும்புவதை நான் முதன்முதலில் பார்த்தது ஹட்டனில், ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில். புதுக் கணினியின் திரை நடுவே கறுப்பாக ஒரு சிறு சதுரம் திறந்தது. அதற்குள் வெள்ளை எழுத்துகள் ஓடின. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, மின்னலில் கருகிச் செத்துப்போன பழைய கணினி தினமும் காலையில் காட்டும் அதே மேகப் படம் வந்து நின்றது. ஸ்டுடியோ அண்ணன் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பழைய பெட்டியை எங்கேயோ ஒளித்து வைத்து நான் கம்பி இழுத்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். எங்களுக்குப் பின்னால் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எட்டிப் பார்க்கவில்லை. ஈரக் குடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "வந்திருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது தன் மகனின் முகத்தை.

இன்று இதை மெய்நிகர் கணினி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் பிளேன்டீ ஆறுவதற்குள் ஒன்றை நிறுவி, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்றை நிறுவுகிறார்கள். எதற்கு இது என்று கேட்டால், பழைய மென்பொருட்களைப் புதிய கணினியில் ஓட்டலாம் என்று பாடத்தில் உள்ளபடி சொல்கிறார்கள். சரியான விடைதான், புள்ளி போட்டுவிடுகிறேன். ஆனால் அந்தச் சின்னச் சதுரம் கறுப்பாகத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் ஈரக் குடைதான் ஞாபகம் வரும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சேர் இன்றைக்குப் பாடம் நடத்த மாட்டார் என்று சந்தோஷப்படுவார்கள்.

ஸ்டுடியோ அண்ணன் எனக்குச் சொந்தமில்லை. நகரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒரு கலியாணப் போட்டோக்காரரிடம் லைட் பிடித்து, பிறகு தனியாகக் கடை போட்டவர். தன் கலியாணத்துக்குக் கண்டியிலிருந்து நீல நிறக் கோட்டு ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து உடுத்தியிருந்தார். கோட்டு அடுத்த நாளே திரும்பிப் போய்விட்டது. ஆனால் அதை உடுத்தி எடுத்த படம் அவரிடம் இருந்தது. டிஜிட்டல் கமெராவும் கணினியும் வந்த பிறகு, அந்தப் படத்தில் தன் தலையை வெட்டிவிட்டு, கழுத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அதுதான் அவருடைய மூலதனம்.

எங்கள் பக்கத்தில் கோட்டுப் போட்டவர் என்றால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒருவர்தான். காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் அவர் வந்து நின்றால் மற்றவர்கள் தலைத்துண்டை எடுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அதனால்தானோ என்னவோ, வாழ்நாளில் ஒரு படத்திலாவது கோட்டோடு இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதவன் தோட்டத்தில் பிறக்கவே இல்லை. சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணினவன், கொழும்புக்கு வேலைக்குப் போகப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன் எல்லோரும் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு ஸ்டுடியோ அண்ணனிடம் வருவார்கள். உடுத்தி வந்த சட்டையோடு படம் எடுப்பார். பிறகு கணினியில் அதன் மேல் கோட்டை இறக்கிவிடுவார். முகத்தையும் சும்மா விடமாட்டார். தீபாவளிக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வெள்ளையடிப்பது மாதிரி முகத்துக்கும் இரண்டு பூச்சுப் பூசி, பரு, மரு, தழும்பு எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். ஆட்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரிப்பார்கள். அந்த வட்டாரத்தின் லயக் காம்பராக்களில் எத்தனையோ சுவர்களில் ஒரே கோட்டு, ஒரே சிவப்பு டை. தலை மட்டும் வேறு. கழுத்துக்குக் கீழே எல்லோரும் அண்ணனின் கலியாண நாளில் நின்றுகொண்டிருந்தார்கள். என் அம்மாவின் வீட்டுச் சுவரில் நானும் அப்படி ஒன்றில் இருக்கிறேன், பால் மாதிரி வெள்ளையாக.

அந்த அம்மாவின் மகனும் அப்படித்தான் கோட்டுப் போட்டவன். அவர் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். கணவர் இல்லை, ஒரே மகன். அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். போகும் முன் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருந்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் பெயர் இன்னொரு மாதிரி என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதில் ஒட்டிய படங்கள் திரும்பி வரவில்லை. மலையகத்தில் இது புதுக்கதை அல்ல. கிராம சேவகரிடம் இன்னார் மகன் என்று ஒரு துண்டு எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். போகிற அன்று ஸ்டுடியோவில் எடுத்த கோட்டுப் படம்தான் தாயிடம் மிஞ்சிய ஒரே படம்.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. கொழும்பில் சுற்றிவளைப்பு, வழியில் சோதனை, பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஏற்றுவது. மலையகத்துப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து போனில் பேசும்போது கூடத் தமிழைக் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் வீட்டுக்கு வரவில்லை. கடைக்கும் திரும்பவில்லை. தாய், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். சங்கத்து வேலையாக நாலு அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கியவர் அவர், சிங்களமும் பேசுவார். பொலிஸ், சிறைச்சாலை, ஆஸ்பத்திரி என்று போன இடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

அங்கேதான் கோட்டு குறுக்கே வந்தது. கோப்பை கழுவுகிற பையன் என்கிறீர்கள், இவன் யாரோ கனவான் மாதிரி இருக்கிறானே என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கோட்டை யார் கொடுத்தது, எந்தக் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போனான் என்று இன்னோரிடத்தில் துருவியிருக்கிறார்கள். அது ஸ்டுடியோவில் போட்டது என்று தலைவர் விளக்க, அப்படியென்றால் முகமும் ஸ்டுடியோவில் போட்டதா என்று சிரித்திருக்கிறார்கள். கேலியாகக் கேட்டாலும் அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருந்தது.

மகனுக்கு இடது தாடையில் ஒரு தழும்பு. சின்ன வயதில் தாயோடு மலைக்குப் போய், கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கின தேயிலை மரத்தின் மேல் விழுந்து, கூர்க்குச்சி குத்திக் கிழித்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற தழும்பு. அடையாளம் என்ன என்று கேட்ட இடத்திலெல்லாம் தாய் அதைத்தான் சொன்னார். கேட்டவர்கள் படத்தைப் பார்த்தார்கள். படத்தில் தாடை பளிங்கு மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் பயத்தில் புத்தி குழம்பிவிட்டது என்று ஒருவர் தலைவரிடம் பரிதாபமாகச் சொன்னாராம். பெற்றவளின் வாய்ச்சொல்லா, படமா என்றால் கந்தோர்க்காரன் படத்தைத்தான் நம்புவான்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்த பிறகுதான் அவருக்கு இது ஸ்டுடியோவில் நடந்த வேலை என்று உறைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லாத நாளில், காலை ரயிலில் வந்து இறங்கி, ஸ்டுடியோ திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். படத்தைக் கொடுத்து, எடுத்த தழும்பைத் திருப்பி வைத்துத் தரும்படி கேட்டார். அண்ணன் பதறிவிட்டார். கலியாண வீட்டு வேலை ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் படத்தையே ஸ்கேன் பண்ணி, அவர் சொல்லச் சொல்லத் தாடையில் ஒரு தழும்பை வரைந்தார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இன்னும் வளைவாக என்று நாலைந்து விதமாக வரைந்து காட்டினார். நன்றாகத்தான் வரைந்திருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்த அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார்.

"வரைஞ்சது வேணாங்க மொதலாளி. அவனுக்கு உள்ளதக் குடுங்க."

உள்ளது பழைய கணினியில் இருந்தது. பழைய கணினி, சித்திரை மாத மின்னல் ஒன்றில் புகைந்து போய்ப் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. மேல்மாடியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த என்னை அண்ணன் அன்று கூப்பிட்டார். அவர் குரலை வைத்துக் கடையில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துத்தான் படியிறங்கி ஓடினேன்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். டக் டக்கென்று சத்தம் போட்டுப் பயமுறுத்தியது, ஆனால் படித்துக்கொடுத்தது. படங்கள் எல்லாம் இருந்தன. திறக்கத்தான் முடியவில்லை. அண்ணன் கோட்டு வேலைக்குப் பயன்படுத்திய மென்பொருள் தனக்கென்று ஒரு முறையில் படங்களைச் சேமித்திருந்தது, அதைத் தவிர வேறு எதுவும் அவற்றைத் திறக்கவில்லை. அந்த மென்பொருளோ விண்டோஸ் 98இல் மட்டும் ஓடுவது. புதிய கணினியில் சிடியைப் போட்டால், முடியாது என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. 98 போட்ட பழைய கணினி ஒன்றை இரவல் வாங்கலாம் என்று நகரம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று ஒரு கடையில் சாமிப்படத்துக்கு ஸ்டாண்டாக இருந்தது.

அப்போதுதான், கணினிச் சஞ்சிகை ஒன்றோடு வந்த சிடியில் மெய்நிகர் கணினிக்கான மென்பொருள் இருந்தது ஞாபகம் வந்தது. கணினிக்குள் கணினி என்று அதைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர, செய்து பார்த்ததில்லை. அண்ணனுக்கு விளங்கப்படுத்த லயத்தைத்தான் இழுக்க வேண்டி வந்தது. இருக்கிறது ஒரு காம்பரா. மகனுக்குக் கலியாணமாகி மருமகள் வந்துவிட்டால் நடுவில் சாக்கைக் கட்டி மறைத்துக் கொடுக்கிறோம் இல்லையா, அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அதே அடுப்பு, அதே கூரை, ஆனால் சாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவள் தனக்குத் தனி வீடு என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் அப்படித்தான் என்றேன். அண்ணனுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டுமே" என்றார். முட்டத்தான் செய்தது. கணினியின் நினைவகத்தில் பாதியை உள்ளே இருப்பதற்குப் பிரித்துக் கொடுத்ததும் வெளியே இருந்தது திணறி, மவுஸ் அம்பு நகரவே நேரமெடுத்தது. இரண்டு முறை எல்லாம் உறைந்து நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். நடுவில் மின்சாரம் போனது. அடுத்த ஞாயிறு வரச் சொன்னோம். அந்த அம்மா அடுத்த ஞாயிறும் காலை ரயிலில் வந்தார்.

நான் முதலில் சொன்ன மேகப் படம் அன்றுதான் வந்தது. மென்பொருளை உள்ளே நிறுவி, படங்களையும் உள்ளே கொண்டுபோய், ஒன்றைத் திறந்தோம். நிறங்கள் சரியாக வரவில்லை. உள்ளே இருந்த கணினிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்கள்தான் தெரிந்தன. திரையில் ஒரு பையனின் முகம் பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அது வேறு யாரோ ஒருவரின் மகன். ஆனாலும் அந்த அம்மா எழுந்து வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். நான் அவசரமாகச் சதுரத்தைச் சுருக்கினேன். நிறத்துக்கான துணை மென்பொருளைப் போட்டு முடிக்கும் வரை அவர் உள்ளே வரவில்லை. வெளியே மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பலகை தெரியாமல் போயிருந்தது.

அண்ணன் படங்களுக்கு ஆட்களின் பெயர் வைப்பதில்லை. கமெரா கொடுத்த எண்ணோடு அப்படியே போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. திறக்கத் திறக்க நீலக் கோட்டு, சிவப்பு டை. நீலக் கோட்டு, சிவப்பு டை. கந்தப்பளைப் பையன், கொட்டகலைப் பையன், நல்லதண்ணியில் யாத்திரைப் பருவத்துக்குக் கடை போடுபவன். எனக்குத் தெரிந்தவர்களும் வந்தார்கள். அவர்களில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் கேட்காமல் இருப்பதே மரியாதையாக இருந்தது. அண்ணன் முதலில் ஒவ்வொருவரையும் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு எண்ணை மட்டும் வாசித்தார்.

"இந்தா இவன்தான்," என்றார் அந்த அம்மா. எனக்கு அவனும் மற்றவர்களைப் போலத்தான் தெரிந்தான்.

அந்த மென்பொருளில் படம் அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். கண்ணைத் தட்டினால் அந்த அடுக்கு மறையும். அண்ணன் மவுஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முதலில் கோட்டை எடுத்தார். அடியில் வெளிறிப்போன கட்டம் போட்ட சட்டை, மேல் பித்தான் இல்லாமல் ஊக்குக் குத்தியிருந்தது. கோட்டு நிமிர்த்தி வைத்திருந்த தோள் இல்லாமல் போய், ஒடுங்கிய தோளும் நீளமான கழுத்துமாக ஒரு பையன் இருந்தான். பிறகு முகத்துப் பூச்சை எடுத்தார். கறுத்த முகம், கன்னத்தில் இரண்டு பரு, இடது தாடையில் கீழ்நோக்கிக் கோணலாக இறங்கும் தழும்பு. படம் எடுக்கிற பயத்தில் உதட்டை இறுக்கி வைத்திருந்தான். இத்தனை நாளும் கோட்டுக்கு அடியில் அவன் அப்படியே இருந்திருக்கிறான்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். திரைக்குக் கிட்டே வந்து, தழும்பின் மேல் விரலை வைத்து, "இருக்கு," என்றார். அவ்வளவுதான். அண்ணன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் வரைந்த தழும்புகளை நான் பார்த்திருந்தேன். அவற்றில் ஒன்று கூட இதற்குக் கிட்ட வரவில்லை.

உள்ளே இருந்த படத்தை வெளியே கொண்டுவர இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு கோப்புறையைத் திறந்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏதோ ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டுவிட்டது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறிப் போனேன். அண்ணன் படத்தைப் பல பிரதிகள் எடுத்துக் கொடுத்தார். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டும் கொடுத்தார். இனிமேல் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அந்த அம்மாவிடம் நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம்.

கண்டுபிடித்துவிட்டார்கள்.

செய்தியைக் கொண்டு வந்தவர் தோட்டத்துத் தலைவர். ஸ்டுடியோவுக்குள் வந்து, உட்காராமல், ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முதல் தடவை போன இடங்களுக்கே மறுபடி போயிருக்கிறார்கள். ஓர் ஆஸ்பத்திரியின் பிணவறைக்கும் போயிருக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர் முன்பு கோட்டுப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இப்படி ஆள் இங்கே வரவில்லை அம்மா என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பிய மனிதர். இந்த முறை புதுப்படத்தைப் பார்த்தவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவர் பார்த்ததும் தன் தாடையைத் தொட்டுக் காட்டினாராம்.

ரயில் பாதையோரம் கிடந்ததாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். சட்டைப் பையில் எதுவும் இல்லை. யாரும் தேடி வராததால் பல வாரம் வைத்திருந்துவிட்டு, அரசாங்கச் செலவில் பொது மயானத்தில் புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று காட்ட ஆளில்லை. ரயிலிலிருந்து விழுந்தானா, தள்ளப்பட்டானா, அதற்கு முன்பே ஏதாவது நடந்ததா என்பதற்கும் பதிலில்லை.

தலைவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவரால் முடியவில்லை.

"மொதத் தடவ நாங்க போனப்ப அவன் உள்ளுக்குத்தான் இருந்திருக்கான் அண்ணே. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கந்தான். நாங்க வெளியில நின்னு படத்தக் காட்டிட்டுத் திரும்பிட்டோம்."

அண்ணனுக்கு ஆறுதலாக நான் ஏதேதோ சொன்னேன். ஊரெல்லாம் கேட்டதால்தானே கோட்டுப் போட்டீர்கள், யாருக்கும் கெடுதல் நினைத்தா போட்டீர்கள் என்றேன். உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லி யாருக்கும் ஆறுதல் சொல்ல முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் ஒரு பையன் தலையை வாரிக்கொண்டு படம் எடுக்க வந்தபோது, கோட்டு வேண்டாம், சட்டையோடே நன்றாக இருக்கும் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். பையன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது மாதிரிச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களைப் பார்த்தான். கடைசியில் அண்ணன் போட்டுக் கொடுத்தார். முகத்தை மட்டும் தொடவில்லை. முகம் கறுப்பாக இருக்கிறது என்று அந்தப் பையன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

உடல் இல்லாமலே தோட்டத்தில் கருமாதி நடந்தது. அது முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். வருவார் என்று அண்ணன் எதிர்பார்த்தே இருந்தார். வீட்டில் மாட்டுவதற்கு, தழும்பு உள்ள முகத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பிறந்ததும் இறந்ததும் எழுத அடியில் இடம் விட்டு, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். நான் அப்போது கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சுற்றியிருந்த தாளைப் பிரித்துப் படத்தை அவர் முன்னால் வைத்தார்.

அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். பிறகு தாளைத் தானே எடுத்து, படத்தைப் பழையபடி சுற்றி, அண்ணன் பக்கம் தள்ளி வைத்தார். தன் பையிலிருந்து, கை பட்டுப் பட்டு நடுவில் வெடித்து மூக்கும் வாயும் தேய்ந்துபோன அந்தக் கோட்டுப் படத்தை எடுத்தார்.

"எனக்கு இது மாதிரி ஒண்ணு புதுசாப் போட்டுத் தாங்க மொதலாளி."

அண்ணனுக்கு விளங்கவில்லை. அது வேறு மாதிரி இருக்கிறதே அம்மா, இதுதானே உங்கள் மகன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவனத்தான் செத்துட்டான்னு சொல்லிட்டாங்களே. கோட்டுப் போட்டவன அங்க இல்லேன்னுதானே சொன்னாங்க. அவன் இருக்கட்டும்."

கதிரையை அண்ணனுக்கு விட்டுவிட்டு நான் எழுந்துகொண்டேன். அவர் கறுப்புச் சதுரத்தைத் திறந்தார். பழைய கணினி எழும்பும் வரை மூவரும் காத்திருந்தோம். பிறகு அவர் கறுத்த முகத்தின் மேல் பூச்சைப் பூசி, தழும்பை மூடி, ஊக்குக் குத்திய சட்டையின் மேல் நீலக் கோட்டைக் கொண்டுவந்து வைத்தார். காலர் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. அந்த அம்மா சொல்லச் சொல்ல அதையும் சரிசெய்தார்.